மா. கிருஷ்ணன்: படத்துக்குப் பக்கத்தில் ஒரு வாக்கியம்

மா. கிருஷ்ணனை (1912–1996) 'காட்டுயிர் ஒளிப்படக்காரர்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அது பாதிதான் சரி. 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் அவர். அப்பா 'பஞ்சாமிர்தம்' பத்திரிகையின் ஆசிரியர். எழுத்தும் பத்திரிகையும் வீட்டிலேயே இருந்தன, கேமரா பிறகு வந்ததுதான்.

பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒன்றை உருவாக்கி, 'சூப்பர் பாண்டரோசா' என்று பேர் வைத்தார். கடைசிவரை கறுப்பு வெள்ளைதான். இதைப் பிடிவாதம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோணலை. நிறம் இல்லாதபோது யானையின் நிற்பும் காதின் விரிப்புமே நம்மிடம் பேசியாக வேண்டும். அழகு காட்டும் படமல்ல அது, நடத்தையைச் சொல்லும் படம். அவர் எழுத்தும் அப்படியே: பார்த்ததைச் சொல்லும், பரவசப்படாது.

'தி ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் இறக்கும்வரை 46 ஆண்டுகள் பத்தி எழுதினார். காட்டுப் புலியைப் போலவே வீட்டோரக் காக்கையும் அதில் இடம்பெற்றது. அவருடைய பலம் என்று நான் நினைப்பது இதைத்தான்.

குறையும் இருக்கு. அந்த உழைப்பில் பெரும்பகுதி ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. தமிழில் எழுதியவை சில தொகுப்புகளில் அடங்கிவிடும். அவையும் தியடோர் பாஸ்கரன் ('மழைக்காலமும் குயிலோசையும்'), பெருமாள்முருகன் ('பறவைகளும் வேடந்தாங்கலும்') போன்றோர் தேடித் தொகுத்ததால் கிடைத்தவை. தொகுப்பாசிரியர் இல்லையென்றால் பழைய இதழ்களோடு போயிருக்கும்.

இதனால் என்ன நஷ்டம்? கோரிப்பாளையத்திலிருந்து சிம்மக்கல் போகும் ஏ.வி. பாலத்தில் நின்று வைகையைப் பாருங்க. மடையான், உண்ணிக்கொக்கு, சின்னக் கொக்கு எல்லாமே நமக்கு வெறும் 'கொக்கு'. போனில் படம் எடுக்கிறோம், கீழே எழுத ஒரு வரி வரமாட்டேங்குது. பேர் தெரியாத பறவை ஆற்றுக்கு வராமல் போனால், போனது எதுன்னுகூடச் சொல்லத் தெரியாது.

கிருஷ்ணனை வாசிக்க நல்ல கேமரா வேண்டாம். ஒரு பறவையைப் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, பார்த்ததை மட்டும் தமிழில் நாலு வரி எழுதிப் பாருங்கள். அவர் செய்தது எவ்வளவு கஷ்டமான வேலை என்பது அப்போது புரியும்.