விருந்தாளிக்குத் தெரியாத பந்தி

குருத்வாராவுக்குப் போய்வந்து எழுதப்படும் தமிழ்ப் பயணக் கட்டுரைகளுக்கு ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. தலையில் துணி கட்டியது, காலைக் கழுவியது, தரையில் வரிசையாக உட்கார்ந்து ரொட்டி தின்றது, கடைசியில் 'இங்கே சாதி இல்லை' என்று ஒரு பெருமூச்சு. எழுதுகிறவர் பெரும்பாலும் எந்தப் பந்தியிலிருந்தும் எழுப்பிவிடப்படாதவர்.

நான் தியாகதுருகம் சேரிக்காரன். சென்னை ஜி.என். செட்டி சாலை குருத்வாராவில் நானும் தின்றிருக்கிறேன். லங்கரில் ரொட்டியை இரண்டு கையையும் ஏந்தித்தான் வாங்க வேண்டும். எங்க தாத்தா காலத்துல ஊருக்குள்ள தண்ணி கேட்டா கையக் குவிச்சு நிக்கணும், மேலேருந்து ஊத்துவாங்க. அதே கைதான். ஆனால் இங்கே பக்கத்தில் உட்கார்ந்திருந்த பணக்காரரும் ஏந்தினார். 'தியாகதுருகத்துல எந்தப் பக்கம்?'னு ஒருத்தரும் கேக்கல. அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம்னு இந்தப் பத்திரிகை படிக்கிறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் நான் அங்கே விருந்தாளி. பஞ்சாப் கிராமத்தில் பிறந்த மஜ்ஹபி சீக்கியன் விருந்தாளியல்ல. பல ஊர்களில் அவனுக்குத் தனி குருத்வாரா, தனிச் சுடுகாடு. தோல் தொழில் செய்த ரவிதாசரின் பாடல்கள் குரு கிரந்த சாகிப்புக்குள் இருக்கின்றன. அவரை வழிபடும் சனங்களுடைய குருத்வாராவில், வியன்னாவில், 2009இல் துப்பாக்கிச் சூடு நடந்து அவர்களுடைய சாமியார் ஒருவர் செத்தார். அடுத்த வருசமே ஒரு பிரிவினர் தனி மதம், தனி நூல் என்று அறிவித்துக்கொண்டார்கள்.

பயணக் கட்டுரைகளில் வராத தேதி ஒன்று உண்டு: 1920 அக்டோபர் 12. அன்று, சீக்கியத்துக்கு மாறிய தீண்டப்படாத மக்கள் அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குக் கடா பிரசாதம் எடுத்துப் போனார்கள். பூசாரிகள் வாங்க மறுத்தார்கள். தகராறு முற்றி, கிரந்தத்தைத் திறந்து படித்து, அதன் பிறகுதான் வாங்கினார்கள். பக்கத்திலிருந்த அகால் தக்தின் பூசாரிகளோ இடத்தை விட்டே ஓடிப்போனார்கள். குருத்வாரா சீர்திருத்த இயக்கத்தின் பெரிய திருப்பம் அது. சண்டை வந்தது நம்மாளு தின்றதற்காக இல்லை, கொண்டுபோய்க் கொடுத்ததற்காக.

லங்கரைப் பற்றி எழுதுகிறவர்கள் ரொட்டியின் ருசியோடு, மாவு எந்தத் தெருவிலிருந்து வந்தது என்றும் விசாரிக்கலாம். இங்கேயும் அதே கதைதான். 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு தலித் பெண் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கக் கூடாதென்று சாதி இந்துக்கள் கிளம்பினார்கள். 2023 ஜனவரியில் எங்கள் மாவட்டத்து எடுத்தவாய்நத்தம் பெருமாள் கோயிலுக்குள் தலித்துகள் போலீஸ் காவலோடு போனார்கள், பெரிய செய்தியானது. திருவிழா வரி செய்தியாவதில்லை. எத்தனையோ ஊர்ல சேரியில வரி வாங்கவே மாட்டாங்க. ஏன்னு கேட்டா, வாங்கினா நாளைக்கு மண்டகப்படி கேப்பானாம், தேர்வடம் கேப்பானாம்.