'பிரைட்': தோழமையும் திரைவடிவமும்

1984 மார்ச்சில் தொடங்கி ஓராண்டு நீடித்த பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தைப் பின்னணியாகக் கொண்டது, மத்தியூ வார்க்கஸ் நெறிப்படுத்திய 'பிரைட்' (2014) திரைப்படம். இலண்டன்வாழ் தன்பாலீர்ப்பினர் சிலர், தென் வேல்ஸின் டுலைஸ் பள்ளத்தாக்குத் தொழிலாளருக்கு நிதி திரட்டிய வரலாற்றை அது கூறுகிறது.

தன்பாலீர்ப்பினரின் இரவுக் கேளிக்கைகளை வெறும் களியாட்டமாகக் கருதுவோருக்கு இப்படம் தக்க விடையாகும். வாளியேந்தி நிதி சேர்ப்போரையும், 1984 டிசெம்பர் 10ஆம் திகதி கம்டனில் நடைபெற்ற நிதியுதவி இசைநிகழ்ச்சியையும் காணுமிடத்து, கேளிக்கைக் களமே அரசியற் களமாவது புலனாகிறது.

ஆயினும், இவ்வொற்றுமையின் காரணத்தை விளக்குவதிற் படம் தடுமாறுகிறது. காவற்றுறையின் கெடுபிடி, பத்திரிகைகளின் வசை, தட்சர் அரசின் பகைமை ஆகியன இரு சாராருக்கும் பொதுவானவை. தொடக்கத்தில் மார்க் அஷ்ரன் சுட்டும் இவ்வுண்மை, போகப்போகத் தனிமனிதரின் நல்லிதயக் கதைகளுள் அமிழ்ந்துவிடுகிறது. அஷ்ரன் பொதுவுடைமையாளர் என்பதும் திரையில் மங்கியே தெரிகிறது.

1985இல் இலண்டனில் நடைபெற்ற பிரைட் ஊர்வலத்திற் சுரங்கத் தொழிலாளர் தம் சங்கப் பதாகைகளுடன் அணிவகுத்தமை உணர்ச்சிமிக்க இறுதிக் காட்சியாகிறது. அதே ஆண்டு தொழிற்கட்சி மாநாட்டில், தன்பாலீர்ப்பினரின் உரிமைகளை ஆதரிக்கும் தீர்மானம் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தின் வாக்குப்பலத்துடன் நிறைவேறியது. வரலாற்றில் நிலைத்த பயன் இதுவே. படத்திலோ அது இறுதி எழுத்துக்களாக மட்டும் வந்துபோகிறது.

இரக்கம் வேறு, தோழமை வேறு. முன்னதைச் செம்மையாகச் சித்திரித்த இப்படம், பின்னதன் வேர்களை முழுமையாகத் தொடவில்லை.