பீப்பாயில் இருக்கும்போதே காசு

ஏப்ரல் மாதம் வந்தால் பிரான்ஸின் போர்தோ நகரத்தில் உலகெங்கிலும் இருந்து ஒயின் வியாபாரிகளும் விமர்சகர்களும் வந்து குவிகிறார்கள். முந்தைய செப்டம்பர், அக்டோபரில் பறித்த திராட்சை அப்போதுதான் ஆறு மாதக் குழந்தை. ஓக் பீப்பாயில் படுத்திருக்கிறது. அதிலிருந்து எடுத்த மாதிரியை வாயில் ஊற்றி, உருட்டி, துப்புகிறார்கள். மதியத்துக்குள் நாவல்பழம் தின்றவர்களைப் போல எல்லோருக்கும் பல்லும் நாக்கும் கறுத்துப்போகும். பிறகு மதிப்பெண்கள் வெளிவரும், மதிப்பெண்ணின் வாலைப் பிடித்துக்கொண்டு விலை வரும். லண்டனிலும் ஹாங்காங்கிலும் இருப்பவர்கள் பணத்தைக் கட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். பாட்டில் கைக்கு வர இன்னும் ஏறத்தாழ இரண்டு ஆண்டு. இந்த முன்விற்பனைக்கு அங்கே ‘ஆன் ப்ரிமேர்’ என்று பெயர்.

பூவிலேயே மாந்தோப்பைக் குத்தகை பேசுகிறவர், காய்த்துத் தொங்கும் தோப்புக்கான விலையைக் கொடுக்க மாட்டார். காற்றடித்துப் பூ கொட்டினால் நட்டம் அவருடையது. அதற்கான தள்ளுபடி குத்தகைத் தொகையிலேயே அடங்கியிருக்கும். போர்தோவின் முன்விற்பனையும் இந்த நியாயத்தில் வளர்ந்ததுதான். தோட்டக்காரருக்கு உடனே கைப்பணம், வாங்குகிறவருக்கு மலிவு விலை. இன்று அந்தப் பேரத்தில் ஒரு பாதி காணாமல் போய்விட்டது. அபாயம் வாங்குகிறவர் தலையிலேயே இருக்கிறது, தள்ளுபடி மட்டும் இல்லை. நல்ல போர்தோவை நியாயமான விலைக்குத் தேடுகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான்.

முன்விற்பனையில் லாபம் பார்த்தவர்களே இல்லை என்று சொல்ல முடியாது. 1982ஆம் ஆண்டு ஒயினை அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் பீப்பாய்ப் பருவத்திலேயே தூக்கிப் பிடித்தார். அவர் பேச்சைக் கேட்டு வாங்கியவர்களின் பெட்டிகள் பின்னாளில் பல மடங்கு விலைக்குப் போயின. இன்றுவரை முன்விற்பனைக்கு ஆதரவாகப் பேசுகிற எவரும் இந்தக் கதையைச் சொல்லாமல் இருப்பதில்லை. லாஃபித் தோட்டத்தின் 2008ஆம் ஆண்டு ஒயினும் அப்படித்தான் ஏறியது. சீனர்களுக்கு ராசியான 8ஆம் எண்ணைப் பாட்டிலில் பொறிக்கப்போவதாக 2010இல் அறிவித்தார்கள். விலை வெறிபிடித்து எகிறியது. அடுத்த ஆண்டே சீனச் சந்தை தளர்ந்து இறங்கவும் செய்தது. ஏறியதற்கும் இறங்கியதற்கும் பாட்டிலுக்குள் இருந்த திரவம் காரணமே அல்ல.

மறுபக்கத்தில் 1997 இருக்கிறது. சுமாரான ஆண்டு, விலை மட்டும் உச்சம். அப்போது வாங்கியவர்கள் அதே ஒயின் கடைகளில் தாங்கள் கொடுத்ததைவிட மலிவாகக் கிடப்பதைப் பார்த்தார்கள். 2009, 2010 இரண்டும் அருமையான ஆண்டுகள்தான். ஆனால் அந்த அருமைக்கான விலையைத் தோட்டங்கள் முன்கூட்டியே, வட்டியும் முதலுமாக வசூலித்துவிட்டன. ஒயின் நன்றாக இருப்பது ஒன்று, வாங்கியவருக்குக் கட்டுப்படியாவது வேறு.

பீப்பாய் மாதிரியிலும் ஒரு சிக்கல் உண்டு. விமர்சகர் கையில் கிடைப்பது தோட்டம் பொறுக்கி எடுத்துக் கொடுக்கும் கலவை. கடைசியில் பாட்டிலுக்குள் போவது அதே கலவையாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஆர்லி ஆஷன்ஃபெல்டர் 1980களின் இறுதியில் ஒரு சமன்பாட்டைக் கொண்டு வந்தார்: குளிர்கால மழை, வளரும் பருவத்தின் வெப்பம், அறுவடைக்கால வறட்சி இவற்றைப் போட்டாலே முதிர்ந்த போர்தோவின் விலைப்போக்கைக் கணித்துவிடலாம் என்றார். ஒரு சொட்டுகூடச் சுவைக்கத் தேவையில்லை. ஒயின் உலகம் அவரைக் கேலி செய்தது. எனக்கென்னவோ கேலிக்குப் பின்னால் கொஞ்சம் பயமும் இருந்ததாகவே தோன்றுகிறது.

இத்தனை கோளாறுகள் இருந்தும் முன்விற்பனை சாகாமல் இருப்பதற்குக் காரணம் அதன் கட்டமைப்பு. தோட்டம் நேராக விற்பதில்லை. நடுவில் தரகர், அவருக்கு இரண்டு விழுக்காடு. அவருக்கு அப்பால் ‘நெகோசியான்’ எனப்படும் மொத்த வியாபாரிகள். தோட்டம் ஒவ்வொரு வியாபாரிக்கும் இத்தனை பெட்டி என்று பங்கு ஒதுக்குகிறது. மோசமான ஆண்டில் ‘வேண்டாம்’ என்று சொன்னவருக்கு நல்ல ஆண்டில் பங்கு கிடைக்காமல் போகலாம். அதனால் விற்காது என்று தெரிந்தும் வாங்குகிறார், வாங்கியதை இறக்குமதியாளர் தலையில் கட்டுகிறார், அவர் நம் தலையில் கட்டுகிறார். இந்தச் சங்கிலியிலிருந்து முதல்தரத் தோட்டமான லாத்தூர் 2012இல் வெளியேறியது. இனி குடிக்கும் பக்குவம் வந்த பிறகே விற்போம் என்று அறிவித்தது. அந்த அளவுக்குக் கைப்பணம் உள்ளவர்கள் குறைவு என்பதால் மற்ற தோட்டங்கள் பெரும்பாலும் பின்தொடரவில்லை.

பணத்தைக் கட்டிவிட்டு இரண்டு ஆண்டு காத்திருக்கும்போது கடை நிலைக்குமா என்பது இன்னொரு கவலை. கலிபோர்னியாவின் பெர்க்லியில் இப்படி முன்பணம் வாங்கி, இல்லாத ஒயினை விற்றுவந்த ஒரு கடை 2016இல் திவாலானது. உரிமையாளர் சிறைக்குப் போனார்.

அப்படியென்றால் முன்விற்பனையில் வாங்கவே கூடாதா? வாங்கலாம், சில வேளைகளில். பொமெரோல் பகுதியில் சில தோட்டங்களின் உற்பத்தி மிகக் குறைவு; பிறகு தேடினால் அகப்படாது. அரைப் பாட்டிலோ ஒன்றரை லிட்டர் மேக்னமோ வேண்டும் என்றால் பாட்டிலில் அடைக்கும் முன்பே சொல்லிவைக்க வேண்டும். தோட்டத்துக் கிடங்கிலிருந்து நேரே வந்த சரக்கு என்ற நிம்மதியும் உண்டு. எப்போதாவது விலையே உண்மையில் இறங்குவதும் நடக்கிறது. 2019 அப்படிப்பட்ட ஆண்டு. 2020 கொரோனா ஊரடங்கில் சுவைக்க யாரும் வர முடியாத நிலையில், பொன்தே-கனே தோட்டம் முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு குறைத்து விற்பனையைத் தொடங்கிவைத்தது. மற்றவர்களும் இறங்கி வந்தார்கள். பயம் வந்தால்தான் அந்த ஊரில் விலை குறையும். 2024ஆம் ஆண்டு ஒயினுக்கு 2025 வசந்தத்தில் மறுபடி பெரிய அளவில் விலையைக் குறைத்தார்கள். ஆனால் அது 2019ஐப் போல நல்ல ஆண்டு அல்ல.

மலிவும் தரமும் ஒன்றாகக் கிடைக்கும் இடம் முன்விற்பனைக்கு வெளியேதான் இருக்கிறது. அங்கே போகவிடாமல் நம்மைத் தடுப்பது 1855ஆம் ஆண்டுப் பட்டியல். பாரிஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் கேட்க, போர்தோத் தரகர்கள் பெரும்பாலும் மெதோக் பகுதியைச் சேர்ந்த தோட்டங்களை ஐந்து தரமாகப் பிரித்தார்கள். அடிப்படை, அன்று அவை விற்ற விலை. 1973இல் மூத்தோன் ரோத்ஷீல்ட் முதல் தரத்துக்கு ஏறியதைத் தவிர அந்தத் தரவரிசை ஏறக்குறைய அப்படியே கிடக்கிறது. பட்டம் தோட்டத்தின் பெயருக்குத்தான், மண்ணுக்கு இல்லை. அதே எல்லைக்குள் பக்கத்து நிலத்தை வாங்கிச் சேர்த்தாலும் பட்டம் அதற்கும் பரவிவிடும். விலையை வைத்துப் பட்டியல் போட்டார்கள், இன்று பட்டியலை வைத்து விலை போடுகிறார்கள்.

பட்டியலில் இடம்பெறாத சோசியாந்தோ-மாலே தோட்டத்தை 1969இல் ஜான் கோத்ரோ என்ற வியாபாரி வாங்கினார். ஜிரோந்து நீர்ப்பரப்பைப் பார்த்த சரளைக்கல் மேடு. அங்கே அவர் செய்த ஒயின் இருபது ஆண்டு தாங்கும் என்று பெயர் வாங்கியது. பட்டியலில் இருக்கும் பல பெயர்களால் அது முடிவதில்லை. மூலிஸ் பகுதியின் ஷாஸ்-ஸ்ப்ளீன், பூஜோ இரண்டும் இதே ரகம். ஆற்றின் வலக்கரையில் சாந்தெமிலியோன் பகுதியின் சுண்ணாம்புக்கல் மேடு கிழக்கே கஸ்தியோன் பகுதி வரை நீள்கிறது. கல் அதேதான், திராட்சையும் அதே மெர்லோதான். எல்லைக்கோட்டைத் தாண்டியதும் விலை மட்டும் இறங்கிவிடுகிறது. சாந்தெமிலியோனில் பெரிய தோட்டம் வைத்திருக்கும் ஷ்டெஃபான் ஃபான் நைப்பெர்க் கஸ்தியோனில் டெகில் தோட்டத்தையும் நடத்துகிறார். இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே கைதான்.

லேபிளைப் படிக்கத் தெரிவதும் காசைக் காப்பாற்றும். ‘கிராண்ட் வான் த போர்தோ’ என்று தங்க எழுத்தில் இருக்கும். சட்டப்படி அதற்கு எந்தப் பொருளும் இல்லை. ‘சாந்தெமிலியோன் கிராண்ட் க்ரூ’ என்பது ஊர்ப்பெயர்ப் பிரிவு மட்டுமே. அதோடு ‘க்ளாஸே’ என்ற சொல் சேர்ந்தால்தான் தரவரிசையில் இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒரு சொல் இல்லாததைக் கவனிக்காமல் ஏமாந்தவர்கள் ஏராளம்.

மலிவு என்பதற்கும் ஓர் அடிமட்டம் உண்டு. போர்தோவில் மொத்தச் சரக்கை ‘தொன்னோ’ என்ற 900 லிட்டர் கணக்கில் விற்பார்கள். அதாவது 1,200 பாட்டில். சாதாரணச் சிவப்பு ஒயின் அண்மை ஆண்டுகளில் தொன்னோ ஆயிரம் யூரோவுக்கும் கீழே போனது. பாட்டிலுக்கு ஒரு யூரோகூடத் தேறவில்லை. விளைவிக்கும் செலவுக்கே அது போதாது. கொடிகளைப் பிடுங்கிப்போட ஹெக்டேருக்கு 6,000 யூரோ வீதம், சுமார் 9,500 ஹெக்டேருக்கு 5.7 கோடி யூரோ தரும் திட்டத்தை 2023இல் அறிவித்தார்கள். பேரங்காடி அடுக்கின் கீழ்த்தட்டில் இருக்கும் பாட்டிலை நான் சிபாரிசு செய்யாததற்கு இதுவே காரணம். அந்த விலையில் தோட்டக்காரர் எதையாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். அதற்கு இரண்டு படி மேலே, 15 முதல் 30 யூரோ வரையிலான தட்டில் போர்தோவுக்கு ஈடான ஊர் உலகில் அதிகம் இல்லை.

இன்றே குடிக்க வேண்டுமா? 2014ஐயும் 2017ஐயும் தேடலாம். 2014இல் செப்டம்பர் வெயில் ஆண்டையே காப்பாற்றியது. 2017இல் ஏப்ரல் உறைபனி விளைச்சலைக் குறைத்தது, தப்பிய ஒயின் சீக்கிரம் பக்குவப்பட்டது. புகழ் இல்லாததால் இரண்டும் விலை அடங்கிக் கிடக்கின்றன. எடுத்துவைக்க 2016, 2019. ஆனால் 12, 13 டிகிரியில் அசையாத வெப்பநிலை இருந்தால்தான். சென்னை வீட்டு அலமாரியில் போர்தோவை ‘முதிரவைக்கிறேன்’ என்கிறவர் ஊறுகாய் போடுகிறார், அவ்வளவுதான்.

செப்டம்பரில் பிரான்ஸின் பேரங்காடிகள் ஒயின் சந்தை நடத்துகின்றன. பெட்டி பெட்டியாக அடுக்கி, தனிப் பாட்டிலும் கொடுப்பார்கள். அந்தப் பக்கம் போக வாய்த்தால் ஒன்றே ஒன்று வாங்கி, அன்றிரவே தக்கையைக் கழற்றுங்கள். பிடித்திருந்தால் மறுநாள் காலையில் போய் மிச்சப் பெட்டியை எடுத்து வாருங்கள். பீப்பாய்க்குப் பணம் கட்டியவர்களுக்கு இந்த வசதி இல்லை.