குற்ற ஆராய்ச்சியில் ஒரு நாணயம்

சிறுவன் ஒருவன் தீய வழியில் நடந்தால், "அன்பாகக் கவனித்தால் திருந்திவிடுவான்" என்கிறோம் ஆசிரியர்களாகிய நாம். இக்கூற்றை மெய்யாகவே சோதித்துப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்னும் இரு நகர்களில், மருத்துவர் ரிச்சர்டு கிளார்க் காபட் தொடங்கிவைத்தது அது.

அதன் சிறப்பு அமைப்பிலேயே இருக்கிறது. வயது, குடும்பச் சூழல், குணப்போக்கு ஆகியவற்றில் ஒத்த சிறுவர்களை இருவர் இருவராக இணைத்தனர். பின்னர் நாணயத்தைச் சுண்டி, ஒருவனுக்கு உதவி அளித்தனர். மற்றவனை அவன் போக்கில் விட்டனர். யாருக்கு உதவி என்பதை எவருடைய பரிவும் தீர்மானிக்கவில்லை. 1939 முதல் 1945 வரை ஆலோசகர்கள் மாதம் இருமுறை என்ற அளவில் வீடு தேடிச் சென்றனர், பாடம் சொல்லிக்கொடுத்தனர், மருத்துவத்திற்கு வழிசெய்தனர், சிலரைக் கோடை முகாம்களுக்கும் அனுப்பினர். இறுதியாக ஒப்பிடப்பட்டோர் 506 பேர்.

ஜோன் மெக்கார்டு அம்மையார் முப்பதாண்டுகளுக்குப் பின் அவர்களைத் தேடிக் கண்டு, 1978-இல் முடிவை வெளியிட்டார். உதவி பெற்று, அவருக்கு மறுமொழி தந்தவர்களில் மூன்றில் இருபங்கினர், அதனால் நன்மையே விளைந்தது என்றனர். பதிவேடுகளோ வேறு கதை கூறின. குற்றவாளிகளின் தொகை இரு குழுவிலும் ஏறத்தாழ ஒன்றே. மீண்டும் குற்றம் புரிந்தோர் உதவி பெற்ற குழுவிலேயே மிகுதி. குடிப்பழக்கத்தின் அறிகுறிகளும் அவ்வாறே. நன்றிமொழிகளை மட்டும் கேட்டிருந்தால் பெருவெற்றி என்றே எழுதியிருப்பர். (நம் பள்ளி ஆண்டறிக்கைகள் பல அப்படித்தானே எழுதப்படுகின்றன!)

பதிவேடு காட்டுவது அகப்பட்ட குற்றத்தை மட்டுமே என்பார் சிலர். உண்மைதான். ஆயினும் இரு குழுவினரும் அதே நகர்களில், அதே போலீசாரின் பார்வையில் வளர்ந்தவர்கள்; அக்குறை ஒரு பக்கத்தை மட்டும் சாய்ப்பதற்குக் காரணம் இல்லை.

எனக்கு ஐயம் எழுவது வேறோர் இடத்தில். முகாமுக்கு ஒருமுறைக்கு மேல் சென்றவர்களே தம் இணையைவிட மிகவும் கெட்டனர் என்றும், தொல்லைச் சிறுவர்கள் ஒன்றுகூடியதே கேட்டிற்கு மூலம் ஆகலாம் என்றும் அம்மையார் பிற்காலத்தில் கருதினார். கவர்ச்சியான விளக்கந்தான். ஆனால் இருமுறை முகாமுக்கு யாரை அனுப்புவது என்பதற்கு எவரும் நாணயம் சுண்டவில்லையே! தேர்ந்தவர் ஆலோசகர். அச்சிறுவனிடம் அவர் கண்ட தொல்லை, இணையிடம் இல்லாத ஒன்றாக ஏன் இருந்திருக்கக் கூடாது?