எனக்குக் குளிர்கிறது: தொடக்கநிலைப் போலிஷ் பாடங்கள் குறித்து

அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் மொழிகளைக் கடினத்தின்படி தரம் பிரித்து வைத்திருக்கிறது. போலிஷ் மொழிக்கு அது ஒதுக்குவது ஏறக்குறைய 1,100 வகுப்பு மணி. அதே 1,100 மணிப் பட்டியலில்தான் நம் தமிழும் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கு ஆங்கிலம் பேசுகிறவரை வைத்துப் போட்டது. தமிழ் பேசுகிறவர் போலிஷ் படிக்க உட்கார்ந்தால் அது அப்படியே பொருந்தாது.

சிக்கல் என்னவென்றால், நம் கைக்கு எட்டும் தொடக்கநிலைப் பாடநூல்களும் கைப்பேசிச் செயலிகளும் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே போலிஷைக் கற்பிக்கின்றன. முதல் அத்தியாயத்திலேயே ‘பயப்படாதீர்கள், ஏழு வேற்றுமைகள் இருக்கின்றன’ என்று ஆறுதல் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள். எட்டு வேற்றுமையைப் பள்ளியிலேயே படித்துவிட்டு வரும் நம் மாணவருக்கு இதில் பயப்பட என்ன இருக்கிறது?

மலேசியாவிலிருந்து மருத்துவம் படிக்கப் போலந்துக்குப் போன மாணவர்கள் உண்டு. பாடம் ஆங்கிலத்தில் நடக்கும். ஆனால் மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருக்கும் பாட்டி போலிஷில்தானே பேசுவார்? அவர் ‘யெஸ்த் மி ஜிம்னோ’ என்கிறார். ஆங்கிலவழிப் பாடம் இதை ‘நான் குளிராக இருக்கிறேன்’ என்கிற மாதிரி பெயர்த்துவிட்டு, ‘மி’ என்ற சொல்லை விதிவிலக்காக மனப்பாடம் பண்ணச் சொல்கிறது. தமிழில் பாருங்களேன்: ‘எனக்குக் குளிர்கிறது’. அந்த ‘மி’ என்பது ‘எனக்கு’, அவ்வளவுதான். ‘பொதோபா மி ஷெ’ என்றால் ‘எனக்குப் பிடித்திருக்கிறது’. இங்கேயும் அதே நான்காம் வேற்றுமை. ‘போலி ம்னியெ க்வோவா’ என்றால் தலைவலி. வலிப்பது தலை, அதுவே எழுவாய். நாமும் ‘தலை வலிக்கிறது’ என்றுதானே சொல்கிறோம்? (இங்கே மட்டும் போலிஷ்காரர் ‘எனக்கு’ என்னாமல் ‘என்னை’ என்பார். அந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுத்தால் போதும்.) இப்படிப்பட்ட வாக்கியங்கள் முதல் வாரத்திலேயே வர வேண்டியவை. பல பாடத்திட்டங்களில் நான்காம் வேற்றுமை கடைசிப் பக்கங்களுக்குத் தள்ளப்பட்டிருக்கிறது.

வேற்றுமைகளின் பெயர்களை எடுத்துக்கொள்வோம். ஆங்கில நூல்கள் லத்தீன் பெயர்களைத் தருகின்றன. அவை காதில் விழுந்தால் எதுவும் புரியாது. போலிஷ்காரர்கள் தங்கள் சொல்லாலேயே பெயர் வைத்திருக்கிறார்கள். கருவி என்ற சொல்லிலிருந்து ‘நஜென்ட்னிக்’, இடம் என்ற சொல்லிலிருந்து ‘மியெய்ஸ்ட்ஸோவ்னிக்’, கூப்பிடு என்பதிலிருந்து ‘வோவாச்’. நம் கருவிப்பொருள், இடப்பொருள், விளி ஆகியவைதாம் இவை. விளி அங்கேயும் வரிசையில் கடைசி. நம் மூன்றாம் வேற்றுமை ‘பேனாவால்’ என்று கருவியையும் ‘அம்மாவோடு’ என்று உடனிகழ்ச்சியையும் சேர்த்துச் சுமக்கிறது அல்லவா? அவர்களுடைய கருவி வேற்றுமையும் அதே இரண்டு வேலையைச் செய்கிறது; அம்மாவோடு என்னும்போது மட்டும் முன்னால் ஒரு சிறு இடைச்சொல் சேரும். மூல மொழியின் கலைச்சொல்லைப் பாடநூல்கள் ஒரு வரியில் விளக்கியிருந்தாலே மாணவர் இதைத் தாமே கண்டுபிடித்திருப்பார்.

அதற்காக ‘தமிழ் தெரிந்தால் போலிஷ் சுலபம்’ என்று மார்தட்டுவதும் சரியில்லை. நமக்கு ‘இல்’ என்ற ஒரே உருபு எல்லா ஊருக்கும் ஒட்டும். அங்கே வர்ஷாவா ‘வர்ஷாவியெ’ ஆகிறது, க்தான்ஸ்க் ‘க்தான்ஸ்கு’ ஆகிறது. க்ராகூஃப் ‘க்ராகோவியெ’ என்று உள்ளே இருக்கும் உயிரையும் மாற்றிக்கொள்கிறது. படகு என்று பொருள்படும் வூச் நகரம் ‘வொஜி’ ஆகிவிடும். உருபு பெயரோடு கரைந்துவிடுகிறது. பால், எண், ஈற்றெழுத்து எல்லாவற்றையும் பார்த்துத்தான் வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த 1,100 மணியில் பெரும்பகுதி இங்கேதான் போகும். ‘நான் ஆசிரியர்’ என்று சொல்லக்கூட ‘ஆசிரியர்’ கருவி வேற்றுமையில் வர வேண்டும். இதற்குத் தமிழ் ஒன்றும் உதவாது.

திணை விஷயத்தில் எனக்கே கொஞ்சம் கோபம் வந்தது. போலிஷ் பன்மையில் ஆண்கள் இருக்கும் கூட்டத்துக்கு ஒரு வினைவடிவம், மற்ற எல்லாவற்றுக்கும் இன்னொன்று. ‘இருந்தார்கள்’ என்பதற்கு ஆண்களென்றால் ‘பிலி’. பெண்கள், பூனைகள், நாற்காலிகள் என்றால் ‘பிவி’. நூறு பெண்களோடு ஓர் ஆண் சேர்ந்தால் உடனே ‘பிலி’! நம் உயர்திணையில் பெண்ணுக்கு இடம் உண்டு என்பதை மாணவருக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது. பாடநூல்களோ இதை ஓர் அட்டவணையில் போட்டுவிட்டு வாய் திறக்காமல் அடுத்த பக்கம் போகின்றன.

பண்பாடு என்று வந்தால் இந்த நூல்களில் ஒரு வண்ணப் பெட்டிக்குள் பியெரோகி கொழுக்கட்டை, ஷோபானின் படம், கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவின் பன்னிரண்டு பதார்த்தங்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அறிமுகமில்லாத பெரியவரை ‘நீ’ என்று கூப்பிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு குறிப்போடு முடித்துவிடுகிறார்கள். போலிஷில் மரியாதை ‘பான்’, ‘பானி’ என்ற சொற்களில் இருக்கிறது, வினை படர்க்கையில் வரும். ‘அம்மாவுக்கு எங்கே வலிக்கிறது?’ என்று அந்த அம்மாவிடமே கேட்பது போல. ‘நீ’ என்று பேச ஆரம்பிக்கலாம் என்று முதலில் சொல்லும் உரிமை வயதில் மூத்தவருக்குத்தான். கொழுக்கட்டையின் பெயர் தெரியாவிட்டால் யாரும் வருத்தப்படப் போவதில்லை. எண்பது வயதுப் பாட்டியை மருத்துவ மாணவர் ‘நீ’ போட்டுப் பேசினால் அவர் முகம் சுருங்கிவிடும்.

அந்தப் பாட்டி அவரைத் திரும்ப அழைக்கும்போது ‘பானியெ தொக்தோஜெ’ என்பார். நாம் ‘டாக்டரே’ என்று ஏகாரம் சேர்த்துக் கூப்பிடுகிற அதே விளி. வேலைக்குப் போன முதல் நாளே காதில் விழப்போகும் இந்த வடிவத்தைக் கடைசி அத்தியாயம் வரை ஒத்திப்போடும் பாடநூலை எந்த மாணவர் கையிலும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.