துப்பாக்கிக்கு மட்டும் கணக்கு

1904-ஆம் ஆண்டு நியூ பிரன்சுவிக் காட்டில் பிடிக்கப்பட்ட நான்கு மூஸ் மான்களை நியூஃபவுண்ட்லாந்து தீவுக்குக் கொண்டுவந்து ஹவ்லி என்ற ஊருக்கு அருகில் அவிழ்த்துவிட்டார்கள். தீவு மக்களுக்கு இறைச்சி கிடைக்கும், வேட்டைக்காரர்களும் வருவார்கள் என்பது அன்றைய கணக்கு. தீவில் இருந்த ஓநாய் இனம் 1930 வாக்கில் அற்றுப்போனது. எதிரி இல்லாத காட்டில் மூஸ் பெருகி, எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது.

முழுதாக வளர்ந்த ஆண் மூஸ் 500 கிலோ எடை வரும். கால்கள் மிக நீளம் என்பதால் அதன் உடல் காரின் முன்கண்ணாடி மட்டத்தில் இருக்கும். இரவில் சாலையைக் கடக்கும் மூஸை கார் மோதினால் கால்கள் முறிந்து, அந்த எடை முழுவதும் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஓட்டுபவர் மேல் வந்து விழும். இப்படிப்பட்ட விபத்துகள் இந்தத் தீவில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் நடக்கின்றன. காட்டுக்குள் நடந்த சேதம் உடனே கண்ணுக்குப் படவில்லை. குரோஸ் மோர்ன் தேசியப் பூங்காவில் பால்சம் ஃபிர் கன்றுகள் தலைதூக்கும்போதே மூஸ் மேய்ந்துவிட்டதால், பூச்சி அரித்தும் காற்றில் சாய்ந்தும் போன மரங்களுக்குப் பதிலாகப் புது மரங்கள் வரவில்லை. மூஸ் நுழையாதபடி வேலி அடைத்த சிறு துண்டு நிலத்தில் கன்றுகள் அடர்ந்து நின்றன. வேலிக்கு வெளியே வெறும் புல். 2011-இல் பூங்கா நிர்வாகமே உரிமம் பெற்ற வேட்டைக்காரர்களை உள்ளே அழைத்தது. கனடாவின் தேசியப் பூங்காக்களில் பொதுவாக வேட்டைக்கு இடமில்லை. அந்த விதியைத் தளர்த்தியது காட்டைக் காப்பாற்றுவதற்காக.

முறைப்படுத்தப்பட்ட வேட்டையை ஆதரிப்பவர்களிடம் இதைவிடத் தெளிவான சான்று இல்லை. எதிர்ப்பவர்களும் இதைக் கடந்துதான் பேச வேண்டும். ஆனால் கனடா ஒரு தீவு மட்டுமல்ல. ஏறத்தாழ ஒரு கோடி சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நாட்டில் இதே முறை சில இடங்களில் காட்டைக் காத்திருக்கிறது, சில இடங்களில் மக்களை வதைத்திருக்கிறது, வேறு சில இடங்களில் தவறான ஆளைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது.

இந்த முறை ஏன் வந்தது என்பதை மறந்துவிட்டு அதை எடைபோட முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சமவெளிகளின் காட்டெருமைகள் தோலுக்காகச் சுட்டுத் தீர்க்கப்பட்டன. 1907 முதல் 1912 வரை மொன்டானாவின் பண்ணையாளர் மிஷெல் பாப்லோவிடமிருந்து சுமார் எழுநூறு காட்டெருமைகளை விலைகொடுத்து வாங்கும் நிலைக்குக் கனடா அரசு வந்தது. வானத்தை மறைத்துப் பறந்த பயணிப் புறாவின் கடைசிப் பறவை 1914-இல் சின்சினாட்டி விலங்குக் காட்சிசாலையில் செத்தது. இரண்டையும் தீர்த்துக்கட்டியதில் பெரும்பங்கு சந்தைக்கு உண்டு. அதனால்தான் இன்று கனடாவின் பெரும்பாலான பகுதிகளில் வேட்டையாடிய இறைச்சியைக் கடையில் விற்க முடியாது. சுட்டவர் தின்னலாம், பகிரலாம், காசாக்கக் கூடாது. முறைமையின் மிக வலுவான தூண் இந்த ஒற்றைத் தடைதான். பருவகாலம், உரிமம், அதற்கான குலுக்கல் எல்லாம் அதற்கு அடுத்தபடிதான்.

வேட்டைக்காரர்களின் பணமும் நிலத்துக்குத் திரும்புகிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1981 முதல் உரிமக் கட்டணத்தின் மேல் கூடுதலாக வசூலிக்கும் தொகை வாழிடப் பாதுகாப்புக்குப் போகிறது. வாத்து வேட்டைக்குப் போகும் ஒவ்வொருவரும் வாங்கவேண்டிய கூட்டரசின் வாழிட முத்திரை 1985-இல் தொடங்கியது. சதுப்பு நிலங்களை மீட்பதில் பெரும்பணி செய்துவரும் டக்ஸ் அன்லிமிடெட் கனடா அமைப்பு 1938-இல் வாத்து வேட்டைக்காரர்களால் உருவானது.

பணத்தைவிட மதிப்புள்ள ஒன்றையும் வேட்டைக்காரர்கள் தருகிறார்கள். கனடாவின் வடபகுதியான நுனாவுட்டில் பனிக்கரடியை வேட்டையாடியவர் அதன் கீழ்த்தாடையை ஒப்படைக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஒரு சிறு கடைவாய்ப் பல்லை எடுத்து மெல்லிய சீவலாக அறுத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால், மரத்தின் ஆண்டு வளையம்போல் கோடுகள் தெரியும். எண்ணினால் கரடியின் வயது. ஆயிரக்கணக்கான பற்கள் சேர்ந்தால் ஒரு கூட்டத்தில் இளையவை எத்தனை, முதியவை எத்தனை என்று புரியும். சஸ்காட்சுவானில் 1996-இல் பண்ணை எல்க் ஒன்றில் தெரியவந்து பின்னர் காட்டு மான்களுக்கும் பரவிய மெலிவு நோயைத் தேடுவதும் பெருமளவு வேட்டைக்காரர்கள் கொண்டுவந்து கொடுக்கும் மான் தலைகளை நம்பித்தான் நடக்கிறது. இவ்வளவு பெரிய நிலத்தில் இந்தக் கண்கள் இல்லையென்றால் அரசுக்குப் பாதி விஷயம் தெரியாது.

இனி மறுபக்கம்.

பயணிப் புறா செத்த இரண்டாண்டில், 1916-இல், அமெரிக்காவும் கனடா சார்பில் பிரிட்டனும் வலசைப் பறவைகளைக் காக்க ஓர் உடன்படிக்கை செய்தன. மார்ச் 10 முதல் செப்டம்பர் 1 வரை வாத்தையும் கூஸ் எனும் பெருவாத்தையும் சுடக்கூடாது. தெற்கில் இருப்பவர்களுக்கு இது நியாயமான விதி. வடக்கில் பறவைகள் வந்து சேர்வதே மே மாதத்தில். செப்டம்பரில் அவை திரும்பிப் போகத் தொடங்கிவிடும். நீண்ட குளிர்காலத்தின் முடிவில், சேமிப்பு தீர்ந்த வேளையில், முதலில் கிடைக்கும் புதிய உணவு அந்தப் பறவைதான். உடன்படிக்கை எழுதியவர்களின் நினைவில் அந்த மக்கள் இருக்கவில்லை.

1962 மே மாதம் யெல்லோநைஃப் அருகே மைக்கேல் சிக்கியா என்ற டெனே மனிதர் ஒரே ஒரு வாத்தைச் சுட்டார். காசநோய் மருத்துவமனையிலிருந்து திரும்பி, தன் மக்களின் வழக்கப்படி காட்டில் உணவு தேடப் போனவர். அவருடைய மக்களுக்கு 1921-இல் செய்த ஒப்பந்தம் வேட்டை உரிமையை வாக்களித்திருந்தது. வடமேற்குப் பிரதேச நீதிபதி அவரை விடுதலை செய்தார். மேல்முறையீட்டில் அது புரட்டப்பட்டு, 1964-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. ஒரு வாத்துக்காக ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை ஒரு ஏழை நடக்கவேண்டி வந்தது. உடன்படிக்கையைத் திருத்தி வசந்தகால வேட்டையை ஒப்புக்கொள்ளும் நெறிமுறை 1995-இல்தான் கையெழுத்தாகி, 1999-இல் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட எட்டுப் பத்தாண்டுகளும் வடக்கின் குடும்பங்கள் பசிக்கும் சட்டத்துக்கும் நடுவில் வாழ்ந்தன.

1990-இல் ஸ்பாரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு வரிசையை மாற்றியது: முதலில் இனத்தின் பாதுகாப்பு, அடுத்து பூர்வகுடிகளின் உணவு, அதற்குப் பிறகே மற்றவர்களின் தொழிலும் பொழுதுபோக்கும். மீன்பிடி வழக்கில் பிறந்த இந்த வரிசை வேட்டைக்கும் பொருந்துகிறது. கனடாவின் வேட்டைச் சட்டத்தில் அறத்தோடு ஒத்துப்போகும் பகுதி எது என்று கேட்டால் இதைத்தான் காட்ட வேண்டும்.

வெளியுலகம் அதிகம் கோபப்படுவது பனிக்கரடி வேட்டையைப் பார்த்து. உலகின் பனிக்கரடிகளில் மூன்றில் இரண்டு பங்கு கனடாவில் இருக்கின்றன. வெளிநாட்டுப் பணக்காரர் ஒருவர் காசு கொடுத்து அதைச் சுட முடிகிற நாடும் இதுதான். கேட்டவுடன் கசக்கும். ஆனால் நடைமுறையைக் கிட்டத்தில் பார்த்தால் கசப்பு சற்றே குறைகிறது. வடக்கின் ஒவ்வோர் ஊருக்கும் என ஒதுக்கிய எண்ணிக்கையிலிருந்தே அவருக்கு அனுமதிச் சீட்டு போகிறது. கூடுதலாக ஒரு கரடி சாவதில்லை. அங்குள்ள பூர்வகுடிகளான இனுயிட் மக்களில் ஒரு வழிகாட்டியோடு, நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியில்தான் அவர் போக வேண்டும். வெறுங்கையோடு திரும்பினால் பெரும்பாலும் அந்தச் சீட்டு வீணாகிவிடும், கரடி பிழைக்கும். 2008-இல் அமெரிக்கா பனிக்கரடியை அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவித்து, தோலையும் தலையையும் கொண்டுவரத் தடை போட்டது. அமெரிக்க வேட்டைக்காரர்கள் வருவது நின்றது. ஒதுக்கீடு அப்படியே இருந்ததால் கரடிகளை ஊர்க்காரர்களே வேட்டையாடினார்கள். நின்றுபோனது வேலைவாய்ப்பு குறைந்த சிற்றூர்களுக்கு வந்துகொண்டிருந்த பணம் மட்டும்.

மேற்கு ஹட்சன் விரிகுடாவில் 2016-இல் 842 என மதிப்பிட்ட கரடிகள் 2021-இல் 618 ஆகக் குறைந்திருந்தன. கடல்பனி முன்பைவிடச் சீக்கிரம் உருகுகிறது, கடல் தாமதமாக உறைகிறது. கரடி சீல் பிடிக்கும் நாட்கள் குறைகின்றன. அதே கரையில் வாழும் இனுயிட் மக்களோ, ஊருக்குள் முன்பைவிட அதிகக் கரடிகள் வருகின்றன என்கிறார்கள். இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம்: பனி இல்லாத கரையில் பசித்து நிற்கும் கரடி ஊரைத்தான் தேடி வரும். ஒதுக்கீட்டை எவ்வளவு குறைத்தாலும் உருகிய பனி திரும்பாது. அப்படியிருந்தும் உலகக் கூட்டங்களில் விவாதம் எழும்போதெல்லாம் பேச்சு முதலில் போய் நிற்பது இனுயிட் மக்களின் துப்பாக்கி முனையில். 2010-இலும் 2013-இலும் சர்வதேச வணிகத்தை முற்றிலும் தடுக்க அமெரிக்கா கொண்டுவந்த முன்மொழிவுகள் தோற்றது நல்லதே.

அதற்காக வேட்டை நிர்வாகம் பிழையற்றது என்று ஆகிவிடாது. கியூபெக்–லாப்ரடார் எல்லையில் திரிந்த ஜார்ஜ் ரிவர் கரிபூ மான் மந்தை இதற்குப் பெரிய சாட்சி. 1993-இல் ஏழரை லட்சத்துக்கும் மேல் இருந்த மந்தை 2001-இல் 3,85,000 ஆகவும், 2010-இல் 74,000 ஆகவும், 2018-இல் 5,500 ஆகவும் சுருங்கியது. கரிபூ மந்தைகள் இயல்பாகவே பெருகிச் சிறுக்கும், உண்மைதான். இங்கே கேட்க வேண்டியது வேறு கேள்வி: 2001-க்கும் 2010-க்கும் நடுவில் என்ன நடந்தது? கோடையின் உச்சத்தில் கொசுவும் ஈயும் மொய்க்கும்போது கரிபூக்கள் தொல்லை தாளாமல் நெருக்கியடித்து நிற்கும். அந்த ஓரிரு நாட்களில் விமானத்திலிருந்து படமெடுத்து எண்ணுவதுதான் முறை. பூச்சி குறைந்தாலோ மூடுபனி கவிந்தாலோ அந்த ஆண்டு தவறிப்போகும். செலவும் அதிகம். ஒன்பது ஆண்டுகள் நம்பத்தக்க முழு எண்ணிக்கை இல்லாமல் ஓடின, உரிமங்களோ தொடர்ந்தன. லாப்ரடாரில் முழுத் தடை வந்தது 2013-இல். எண்ணாமல் சுட அனுமதித்தால் அதை முறைப்படுத்திய வேட்டை என்று சொல்ல முடியாது. இந்தக் குற்றத்தை வேட்டைக்காரர் மேல் போடுவதும் சரியல்ல, பொறுப்பு எண்ணவேண்டியவர்களுடையது.

வடமேற்குப் பிரதேசத்தின் பாதர்ஸ்ட் மந்தையின் கதை இன்னும் வேதனையானது. 1986-இல் சுமார் 4,70,000 என்று மதிப்பிட்ட மந்தையில் 2021-இல் எஞ்சியவை ஆறாயிரத்துச் சொச்சம். 2015 முதல் அங்கே நகரும் தடைப்பகுதி ஒன்று இருக்கிறது: கழுத்துப்பட்டை மாட்டிய கரிபூக்கள் அனுப்பும் செயற்கைக்கோள் தகவலை வைத்து ஒரு எல்லை வரைகிறார்கள், மந்தை நகர நகர எல்லையும் புது வரைபடத்தில் நகர்கிறது, அதற்குள் யாரும் சுடக் கூடாது. கூர்மையான ஏற்பாடு. ஆனால் அதே நிலத்தில் ஒவ்வொரு குளிர்காலமும் உறைந்த ஏரிகளின் மேல் வைரச் சுரங்கங்களுக்காகச் சாலை போடுகிறார்கள். அந்தச் சாலை வழியாகத்தான் வேட்டைக்காரர்களும் மந்தையை எளிதாக எட்டுகிறார்கள். சுரங்கங்களைச் சுற்றிச் சுமார் 14 கிலோமீட்டர் தூரத்துக்குக் கரிபூக்கள் ஒதுங்குவதாக ஆய்வில் தெரிந்தது. துப்பாக்கிக்கு வாரந்தோறும் வரைபடம் இருக்கிறது. சுரங்கத்துக்கு இத்தனை கரிபூதான் என்ற ஒதுக்கீடு எங்கும் இல்லை. அந்த நிலத்தின் பூர்வகுடிகளான த்லிச்சோ மக்கள் தங்கள் முதன்மை உணவைத் துறந்துவிட்டு, கோடையில் கொன்ட்வொய்டோ ஏரிக் கரையில் நடந்து மந்தையைக் கவனித்துக் குறிப்பெடுக்கிறார்கள்.

இதே கோணல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வேறு வடிவில் வெளிப்பட்டது. அங்கே ஏறத்தாழ 15,000 கிரிஸ்லி கரடிகள். ஆண்டுக்குச் சுமார் 250 வேட்டையில் செத்தன. பெரும்பாலான வேட்டை விலங்குகளின் இறைச்சியைக் காட்டிலேயே விட்டுவருவது அங்கே குற்றம். கிரிஸ்லிக்கோ அந்த விதியிலிருந்து விலக்கு இருந்தது. தோலை உரித்துக்கொண்டு உடலைப் போட்டுவிட்டு வர முடிந்தது. உணவுக்கான வேட்டை என்ற நியாயம் அந்த ஒரு விலக்கிலேயே உடைந்துபோனது. கடலோர முதற்குடிகள் 2012-இலேயே தங்கள் நிலத்தில் இதற்குத் தடை அறிவித்தார்கள். ரெயின்கோஸ்ட் என்ற அமைப்பு வணிக வேட்டை உரிமங்களையே விலைக்கு வாங்கிப் பயன்படுத்தாமல் வைத்தது. 2017 டிசம்பரில் அரசு, முதற்குடிகளின் உரிமையைத் தவிர மற்ற எல்லாக் கிரிஸ்லி வேட்டையையும் நிறுத்தியது. நிறுத்தியது சரி. ஆனால் அதே ஆண்டு மாகாணத்தின் தலைமைத் தணிக்கையாளர் வெளியிட்ட அறிக்கை, கிரிஸ்லிக்குப் பெரிய ஆபத்து வேட்டையல்ல, வாழிடம் சிதைவதே என்று சொல்லியிருந்தது. தடையை அறிவிக்க ஒரு நாள் போதும். மரவெட்டுச் சாலைகளை மூட எந்த அரசுக்கும் துணிவு எளிதில் வருவதில்லை.

சாலையும் மரவெட்டும் செய்யும் வேலையைக் கரிபூவைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். முதுகாட்டை வெட்டினால் அங்கே இளம் புதர் முளைக்கும். புதரைத் தின்ன மூஸும் மானும் வரும், அவற்றைத் தேடி ஓநாய் வரும். வெட்டுப்பாதைகளில் ஓநாய் விரைவாக நடக்கும். அது எப்போதாவது மட்டும் சந்தித்த கரிபூ இப்போது கைக்கெட்டும் தூரத்தில். இதற்கு மாகாணம் கண்ட வழி, 2015 முதல் ஹெலிகாப்டரிலிருந்து ஓநாய்களைச் சுடுவது. சில மந்தைகள் அதனால் தற்காலிகமாகப் பிழைத்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் காரணத்தை அப்படியே விட்டுவிட்டு விளைவைச் சுட்டுக்கொண்டே இருப்பதை மேலாண்மை என்று ஏற்க முடியவில்லை.

பீஸ் நதிப் பகுதியின் வெஸ்ட் மோபர்லி, சோட்டோ முதற்குடிகள் தங்கள் பகுதிக் கரிபூ குறைவதைக் கண்டு பல பத்தாண்டுகளுக்கு முன்பே தாமாக வேட்டையை நிறுத்தியவர்கள். 1960-களில் எழுந்த பென்னட் அணையின் நீர்த்தேக்கம் கரிபூவின் வலசைப் பாதையை மூழ்கடித்திருந்தது. 2013-இல் கிளின்சே-சா மந்தையில் எஞ்சியவை 38. சினையுற்ற பெண் கரிபூக்களை மலைமேல் வேலிக்குள் கொண்டுவந்து, கையால் பறித்த மரப்பாசியை ஊட்டி, கன்றுகள் ஓடத் தொடங்கும்வரை காவலிருந்தார்கள். வெளியே ஓநாய்களையும் குறைத்தார்கள். பத்தாண்டுக்குள் மந்தை நூறைத் தாண்டியது. 2020-இல் இரு முதற்குடிகளும் கனடா அரசும் மாகாணமும் சேர்ந்து கையெழுத்திட்ட ஒப்பந்தம் அந்த நிலத்தின் பெரும்பகுதியில் மரவெட்டுக்கும் சுரங்கத்துக்கும் வரம்பு கட்டியது. துப்பாக்கிக்கு வெளியே உள்ளதையும் கணக்கில் சேர்த்த அரிய ஒப்பந்தம் அது. அந்த மக்கள் இந்த முயற்சிக்கு வைத்திருக்கும் இலக்கும் கவனிக்கத்தக்கது: கரிபூவைத் தங்கள் பிள்ளைகள் மறுபடியும் வேட்டையாடிச் சாப்பிடும் அளவுக்கு மந்தை பெருக வேண்டும்.