செங்கல்பட்டு ஏரியாவில் ஒரு காலைக் காட்சி

செம்பாக்கத்துக்காரர் சினிமாவுக்குக் கிளம்பினால் சிட்லபாக்கம் வரதராஜா தியேட்டர், குரோம்பேட்டை வெற்றி தியேட்டர், இல்லையென்றால் தாம்பரம். பேச்சுக்கு இதெல்லாம் சென்னைதான். விநியோகக் கணக்கில் சிட்டி அல்ல, செங்கல்பட்டு ஏரியா. கோவை, மதுரை, சேலம், திருச்சி-தஞ்சை என்று தமிழகத்தைப் பங்குபோட்டு விற்கும் பழைய ஏற்பாட்டில் நல்ல விலை போகும் பங்கு இது. நட்சத்திரப் படத்தை இங்கே எம்.ஜி. (மினிமம் கேரண்டி) கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தத் தொகை தயாரிப்பாளருக்கு நிச்சயம். புதுமுகங்களை வைத்துச் சொந்தக் காசில் எடுத்தவருக்கு வாய்ப்பது டிஸ்ட்ரிபியூஷன் முறை: விநியோகஸ்தர் கமிஷனுக்குப் படத்தைத் தியேட்டரில் போட்டுத் தருவார், போஸ்டர், விளம்பரம், டிஜிட்டல் திரையிடலுக்கான வி.பி.எஃப். கட்டணம் எல்லாம் தயாரிப்பாளர் தலையில். இந்த வி.பி.எஃப்.பை எதிர்த்துத்தான் 2018 மார்ச்சில் தயாரிப்பாளர்கள் புதுப்படங்களையே வெளியிடாமல் நிறுத்தினார்கள்.

இவ்வளவும் கட்டியபின் கிடைப்பது பெரும்பாலும் ஒரு காலைக் காட்சி. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வேலையை விட்டுவிட்டு யார் வருவார்? விரல்விட்டு எண்ணும்படி ஆள் இருந்தால் காட்சி ரத்து. பார்த்தவர் சொல்லி அடுத்தவர் வருவதற்குள் அடுத்த வெள்ளி வந்துவிடும். கேமரா மலிவாகிவிட்டது, எடிட்டிங்கை வீட்டிலேயே முடிக்கலாம். இரண்டாவது வாரத்தை மட்டும் காசு கொடுத்தும் வாங்க முடியாது.

சிறு படங்களுக்கு இதுவரை பலித்தது பெரிய பெயர் ஒன்றின் நிழல். 2014இல் டொராண்டோ விழாவில் திரையிடப்பட்ட மணிகண்டனின் ‘காக்கா முட்டை’க்குத் தனுஷும் வெற்றிமாறனும் தயாரிப்பாளர்கள்; 2015 ஜூனில் வெளியாகி ஓடியது. லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ 2018இல் வந்ததும் தயாரிப்பாளர் விஜய் சேதுபதி என்பதால்தான். இதை விநியோக முறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தயவு என்பேன். அந்தத் தயவுக்கும் எல்லை உண்டு: சிவகார்த்திகேயன் தயாரித்த ‘கொட்டுக்காளி’ பெர்லின் விழாவுக்குப் போய்விட்டு, 2024 ஆகஸ்ட் 23இல் ‘வாழை’யோடு ஒரே நாளில் வந்தது. விழாப் படத்தைத் தியேட்டருக்கு ஏன் கொண்டுவந்தீர்கள் என்று திரைத்துறைக்குள்ளேயே கேட்டார்கள். வேறு எங்கே கொண்டுபோவது?

விழா பெயர் தரும், தேதி தராது. வாடகை வீடு தேடி அலையும் குடும்பத்தைப் பற்றிய செழியனின் ‘டு லெட்’ 2017இல் கொல்கத்தா விழாவில் திரையிடப்பட்டது. தேசிய விருதும் வாங்கியது. ஐ.டி. வந்து வாடகை ஏறிய நம் தென்புறநகரில் இருப்பவர்கள் முதலில் பார்த்திருக்க வேண்டிய படம். தியேட்டருக்கு வந்தது 2019 பிப்ரவரியில். ‘கொட்டுக்காளி’யை இயக்கிய வினோத்ராஜின் ‘கூழாங்கல்’ 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்று, இந்தியாவின் ஆஸ்கர் பரிந்துரையுமாகி, கடைசியில் 2023 அக்டோபரில் சோனி லிவ்வில் நேரடியாக வந்தது. ஓடிடி எல்லாருக்கும் கதவு திறக்கும் என்ற நம்பிக்கை 2020இல் இருந்தது. இப்போது அங்கேயும் முதலில் கேட்பது தியேட்டரில் எப்படிப் போனது என்றுதான்.

தியேட்டரைச் சுற்றிப் போகப் பார்த்தவர் சேரன். 2015இல் ‘ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை’யை டி.வி.டி.யாக நேரே வீட்டுக்கு அனுப்பினார். அதற்காக அவர் தொடங்கிய சி2எச் (சினிமா டு ஹோம்) தொடர்ந்து நிற்கவில்லை. தனி ஆள் ஒரு சந்தையையே கட்டி நிறுத்த முடியாது.

கேரளத்தில் அரசுக்கே தியேட்டர்கள் உண்டு. 2024 மார்ச்சில் சி ஸ்பேஸ் என்ற அரசு ஓடிடியும் தொடங்கினார்கள்: ஒரு படம் பார்க்க அப்போது 75 ரூபாய், அதில் பாதி தயாரிப்பாளருக்கு. தமிழ்நாடு அரசு சிறு படங்களுக்கு மானியம் தருகிறது, அதுவும் படம் முடிந்து வெளியான பிறகு.